கூடையில் ஏழு நண்டு

மாலை 4.20.

ஒரெஸ்தே வித்தூரி முழங்கால் ஆழத் தண்ணீரில் குப்புறக் கிடந்தார். வயது எழுபத்திரண்டு. ஐம்பது வருடமாக அதே வாய்க்காலில் இறங்கி நண்டு பார்த்தவர். அந்தத் தண்ணீரில் ஒரு பூனைகூட மூழ்காது என்று வெனிஸ் பக்கத்துப் புரானோ தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஒரெஸ்தே மூழ்கிப்போயிருந்தார். பின்மண்டையில் காயம். கரையில் படகு கட்டும் இரும்பு வளையத்தில் ரத்தம்.

முதலில் பார்த்தவர் இலாரியோ. ஒரெஸ்தேயின் தொழில் கூட்டாளி, நாற்பது வருடச் சிநேகம். அவர் போட்ட கூச்சலில் பாதித் தீவு கூடிவிட்டது.

இன்ஸ்பெக்டர் யோலாண்டா சேனோ வந்து கூட்டத்தை விலக்கினாள். அதே தீவில் பிறந்தவள், மீன்காரியின் மகள். சின்ன வயதில் கூடையோடு வீடு வீடாகப் போனபோது, ஒரெஸ்தே வீட்டில் மட்டும் உட்கார வைத்து ரொட்டி கொடுப்பார்கள். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போட்டுக்கொண்டாள். வேலை ஆரம்பமாயிற்று.

டாக்டர் நிமிர்ந்தார். "ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல. அடியில சாகல இன்ஸ்பெக்டர். விழுந்து மயங்கியிருக்காரு. தண்ணி குடிச்சுத்தான் உயிர் போயிருக்கு."

"யாராவது பக்கத்துல இருந்திருந்தா?"

"தலையைத் தூக்கிப் பிடிச்சிருந்தாலே போதும்."

யோலாண்டா கரையில் ஒரெஸ்தேயும் இலாரியோவும் நண்டு பிரிக்கும் குடிசையைச் சுற்றி வந்தாள். ஒரெஸ்தேயின் பிரம்புக் கூடை மேடைமேல் இருந்தது. உள்ளே விரித்த சாக்கு சொட்டச் சொட்ட ஈரம். நண்டு ஒன்றுகூட இல்லை. அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் கலோஜெரோ எட்டிப் பார்த்தான். சிசிலிக்காரன். இரண்டு வருடமாக இந்தத் தீவில் குப்பை கொட்டுகிறான். இன்னும் நண்டைக் கண்டால் ஓரடி தள்ளித்தான் நிற்பான்.

"வெறும் கூடையில என்ன மேடம் இருக்கு?"

"வெறுமை இருக்கு. பெட்டியெல்லாம் திறந்து பார்த்த ஈரம் இருக்கு. பார்த்தவரு எடுத்தது எங்கே?"

அவனுக்குப் புரியவில்லை. அவள் சுருக்கமாகச் சொன்னாள். வசந்தத்திலும் அக்டோபரிலும் காயலில் ஆண் நண்டு ஓடு கழற்றும். கழற்றப்போகிறதைப் பார்த்துப் பொறுக்கி மிதவைப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். கழற்றியதும் உடம்பு வெண்ணெயாக இருக்கும். உடனே எடுத்தால் அதுதான் மொயேக்கா. ஓடு இல்லை, முள் இல்லை, முழுசாகப் பொரித்துத் தின்னலாம். அரைநாள் தண்ணீரில் விட்டால் மறுபடி ஓடு இறுகி, காசுக்கு ஆகாது. அதனால் காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று.

"அப்ப ஓடு கழற்றாத நண்டு?"

"அதுக்கு மாத்தோன்னு பேரு. பைத்தியம்னு அர்த்தம். எடுத்துக் காயல்லயே விட்டெறிஞ்சிடுவாங்க."

மாலை 4.50.

இலாரியோவின் கைகள் நடுங்கின. துக்கத்தால் மட்டுமல்ல, இரண்டு வருடமாகவே நடுங்குகின்றன.

"காலையில ஒயின் கடையில சண்டை போட்டீங்களாமே?"

"ஊரே பார்த்துச்சே, அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கறே யோலா? நல்ல நண்டை நான் தண்ணியில எறிஞ்சிட்டேனாம். மாத்தோ யாரு, நண்டா நீயான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் ஆத்திரம் வந்துச்சு. கழுத்தைத் திருகிடுவேன்னேன்." அவர் நிறுத்தினார். "நாப்பது வருஷமா வாரத்துக்கு ஒரு தடவை சொல்றதுதான்."

"மதியம் எங்கே இருந்தீங்க?"

"தூங்கினேன். தனியாத்தான். பொண்டாட்டி செத்தவன் தூங்கறதுக்குச் சாட்சி யாரு?"

"காலைச் சுற்று யாரு போனது?"

"நான்தான். எட்டு மணிக்கு. இங்கே இருக்கற பெட்டி, தூரத்துப் பெட்டி, ரெண்டுலயும் ஓடு கழட்டினதை ஒண்ணு விடாம எடுத்துட்டேன்."

மாலை 5.15.

தூல்லியோ, ஒரெஸ்தேயின் மருமகன். பாதுவா நகரப் பக்கத்து ஆள். ஆறு வருடம் முன் அவர் மகள் நீவெஸைக் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்தவன். படகுத் துறையில் கயிறு போடும் வேலை. முகம் வெளிறிப்போய்க் கரையோரம் உட்கார்ந்திருந்தான்.

"வேலை முடிஞ்சது எப்போ?"

"ஒண்ணரைக்கு."

"அப்புறம்?"

"தூரத்துப் பெட்டிக்குப் போனேன். மாமா சொன்னாரு. போக அரை மணி, வர அரை மணி. பெட்டி பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. திரும்பி வந்தப்ப கூட்டம் நிக்குது."

"யாராவது பார்த்தாங்களா?"

"காயல்ல யாரு மேடம் பார்ப்பாங்க? இதைத்தான் கொண்டு வந்தேன்." காலடியில் இருந்த கூடையைக் காட்டினான்.

யோலாண்டா ஈரச் சாக்கை விலக்கினாள். ஏழு நண்டு. விரல் வைத்துப் பார்த்தாள். ஏழும் மெத்தென்றிருந்தன. காலை எட்டு மணிக்கே பெட்டியில் ஓடு கழற்றியது எதுவும் மிச்சமில்லை; ஒன்றரை வரை இவன் துறையில் இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது. ஆக, இந்த நண்டுகள் மதியத்துக்குப் பிறகு எடுத்தவை. இதைவிட நல்ல சாட்சி கோர்ட்டில்கூடக் கிடைக்காது.

அவள் குனிந்தபோது நிழல் கூடைமேல் விழுந்தது. நான்கு நண்டுகள் சட்டென்று கண்ணை மடக்கிக்கொண்டன. மூன்று அப்படியே கிடந்தன. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தளர்ந்துபோய்க் கிடக்கின்றன என்று நினைத்துச் சாக்கை மூடினாள்.

மாலை 5.40.

எதிர்க்கரை வீட்டு அடால்ஜிசா அம்மாளுக்கு எண்பது வயது. கண் போய்விட்டது. காது இரண்டு ஆளுக்குக் கேட்கும்.

"ரேடியோவுல செய்தி முடிஞ்சு பாட்டு வந்துச்சு. மூணுக்குக் கால் மணி முன்னாடி. ஒரெஸ்தே கத்தினான். 'மாத்தா! மாத்தா அது! தண்ணியில விட்டுடு!'ன்னு. அப்புறம் தொபுக்னு ஒரு சத்தம். நண்டை எறியறான்னு நினைச்சுட்டேன் பொண்ணே. நான் பாட்டைக் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்." கிழவி இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கலோஜெரோ விரலைச் சொடுக்கினான். "காலையில இலாரியோவைப் பைத்தியம்னாரு. மதியமும் அதேதான். ஆளு கிடைச்சாச்சு மேடம்."

யோலாண்டா நோட்டை மூடிப் பையில் வைத்தாள். வெனிஸிலிருந்து மாஜிஸ்திரேட் மறுநாள் பதினோரு மணிப் படகில் வருவதாகத் தகவல் வந்திருந்தது. அதற்குள் வேறு பெயர் கிடைக்காவிட்டால், நடுங்கும் அந்தக் கைகளுக்கு விலங்கு மாட்ட வேண்டியது அவள்தான்.

மாலை 6.05.

மெஸ்த்ரே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நீவெஸ் படகிலிருந்து இறங்கினாள். முப்பத்தாறு வயது. தீவின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஆராய்ச்சிக் கூடத்தில் பெண் நண்டுகளைப் பற்றி ஆராய்கிறவள். மூன்று வருடமாகக் குழந்தைக்காக வைத்தியம் பார்க்கிறாள். வயிற்றில் ஊசி, ஸ்கேன், மறுபடி ஊசி. துறையில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பாவின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "காலையில படகு வரைக்கும் வந்தாரே! 'போகாதடி மாத்தா, உடம்பு தாங்காது'ன்னாரே! நான்தான் கேக்கல... நான்தான் கேக்கல..."

தூல்லியோ அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அவனும் அழுதான். அந்த அழுகை பொய் இல்லை. யோலாண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படித் திருப்பிக்கொண்டதில்தான் காதில் விழுந்ததை அவள் கோட்டைவிட்டாள்.

மறுநாள் காலை 8.10.

காவல் நிலையத்து ஃபிரிட்ஜில் ஏழு நண்டும் ஈரத் துணியில் இருந்தன. தண்ணீரை விட்டு எடுத்துக் குளிரில் வைத்தால் ஓடு இறுகாது.

"சாட்சியைப் பொரிச்சுத் தின்னா என்ன தண்டனை மேடம்?"

"உன்னை சிசிலிக்கே திருப்பி அனுப்பிடுவேன்."

"அது தண்டனை இல்ல, பரிசு." கலோஜெரோ தைரியமாக ஒரு நண்டை இரண்டு விரலால் தூக்கித் திருப்பினான். "இது என்ன, ஒண்ணுக்கு வயித்து மடிப்பு ஒடுங்கியிருக்கு, இதுக்கு மட்டும் அகலமா இருக்கே?"

யோலாண்டாவின் காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது. "கொண்டா அதை."

ஆண் நண்டுக்கு வயிற்று மடிப்பு வேல் முனைபோல் ஒடுங்கியிருக்கும். பெண்ணுக்கு முட்டையைத் தாங்க வேண்டும், அதனால் அகலம். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நான்கு ஆண். மூன்று பெண்.

"என்ன மேடம் தப்பு?"

"ரெண்டு தப்பு. பொண்ணு நண்டை யாரும் பெட்டியில போட மாட்டாங்க. ரெண்டாவது, இப்ப அக்டோபர், அதோட உடம்பு முழுக்க முட்டைக்கரு கட்டியிருக்கும். ஓடு கல்லு மாதிரி இருக்கும். வேக வெச்சு விப்போம். என் அம்மா வித்த வருமானத்துலதான் நான் படிச்சேன். அக்டோபர்ல ஓடு கழற்றின பொண்ணு நண்டை நான் பார்த்ததே இல்ல. என் அம்மாவும் பார்த்திருக்க மாட்டா."

அவள் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். நேற்று நிழலுக்கு அசையாத நண்டு. கண்ணை மடக்க அதற்குக் கண்ணே இல்லை. இரண்டு காம்பும் அடியோடு வெட்டப்பட்டு, தழும்பு ஆறியிருந்தது.

தீவில் நண்டின் கண்ணை வெட்டுகிறவர் ஒரே ஒருவர்தான்.

காலை 9.20.

ஆராய்ச்சிக் கூடத்தில் தொட்டிகளின் மோட்டார் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. நீவெஸ் ராத்திரி முழுக்க அழுத முகத்தோடு வந்து கதவைத் திறந்தாள். யோலாண்டா துணியைப் பிரித்து மூன்று நண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"இது என்னோடதுதான்," என்றாள் நீவெஸ் உடனே. "எங்கே கிடைச்சது?"

"முதல்ல எனக்குப் புரிய வைம்மா. எதுக்குக் கண்ணை வெட்டறே?"

"கண்ணுக்காக வெட்டல. அந்தக் காம்புக்குள்ள ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. 'இப்ப வேணாம், இப்ப வேணாம்'னு உடம்புகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கும். ஓட்டைக் கழட்டாதே, முட்டையை வளர்க்காதே. ரெண்டுக்கும் அங்கேதான் பூட்டு. நேரம் பார்த்து ஒண்ணைத் திறக்கும். ரெண்டையும் சேர்த்துச் செய்ய நண்டுக்கு வலு கிடையாது. முட்டைன்னு முடிவு பண்ணினா ஓட்டைத் தொடாது. நான் காம்பை வெட்டினா பூட்டு உடைஞ்சு போகும். காலமில்லாத காலத்துல ஓட்டைக் கழட்டும்."

"அப்புறம்?"

"பாதிக்கு மேல செத்துப்போகும்." அவள் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பா இந்த ரூமுக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தாரு. இதெல்லாம் கேட்டுட்டு, 'உனக்கும் அங்கே இப்படித்தான் பண்றாங்களா'ன்னாரு. அதுக்கப்புறம் உள்ளே வரவே இல்ல."

அவள் மூலையில் இருந்த குளிர்ப்பெட்டியைத் திறந்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூன்று குறைந்தது.

"நேத்து காலையிலதான் கழட்டிச்சு. எடுத்துக் குளிர்ல வெச்சுட்டுப் போனேன். பூட்டிட்டுத்தான் போனேன் யோலா அக்கா."

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு என் பையில, என்கூடத்தான் மெஸ்த்ரேக்கு வந்துச்சு. இன்னொண்ணு வீட்டு ஆணியில..."

நீவெஸ் நிறுத்திக்கொண்டாள். மேசை விளிம்பைப் பிடித்தாள். ஆராய்ச்சிக்காரி, கணக்கு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எந்தக் கூடையில இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தூல்லியோ. கையில் மனைவிக்கு ஒரு கோப்பைக் காப்பி. மேசைமேல் இருந்த நண்டைப் பார்த்தான். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

காலை 9.45.

"நீ தூரத்துப் பெட்டிக்குப் போகவே இல்ல தூல்லியோ," என்றாள் யோலாண்டா. "உன் கூடையில இருந்த நாலு ஆண் நண்டும் உன் மாமனாரு நேத்து மதியம் எடுத்தது. அதான் அவரு கூடை காலியா, ஈரமா இருந்துச்சு. நாலு நண்டோட திரும்பி வந்தா யாரும் நம்ப மாட்டாங்கன்னு, இங்கே வந்து மெத்துன்னு இருந்ததா மூணு எடுத்துக்கிட்டே. இந்த ஊர்ல பிறந்தவன் யாரா இருந்தாலும் முதல்ல திருப்பிப் பார்த்திருப்பான். உனக்கு அது கைப்பழக்கம் இல்ல."

அவன் தலை குனிந்துகொண்டான்.

"நானும் ஒண்ணைக் கோட்டைவிட்டேன். அடால்ஜிசா அம்மா சொன்னது 'மாத்தா'. ஆம்பளையைச் சொன்னா மாத்தோ. இலாரியோவைத் திட்டியிருந்தா மாத்தோன்னுதான் கேட்டிருக்கும். நண்டைச் சொன்னாலும் மாத்தோதான். பெட்டியில பொண்ணு நண்டே கிடையாது. அப்ப அவரு பேசினது ஒரு பொம்பளையைப் பத்தி. அந்தப் பேரால அவரு யாரைக் கூப்பிடுவாருன்னு நேத்து துறையிலேயே எல்லார் முன்னாலயும் நீவெஸ் சொல்லிட்டா. நான்தான் அழுகையை மட்டும் கேட்டேன்."

தூல்லியோ பேசியபோது நீவெஸிடம்தான் பேசினான்.

"நீ மூணு வருஷமா வயித்துல ஊசி போட்டுக்கிறே. அந்த மனுஷன் நண்டு பொறுக்கிக்கிட்டே சொல்றாரு. 'என் பொண்ணு மாத்தா. தண்ணியில விட்டுடு'ன்னு. ஆகாத நண்டைத் தூக்கி எறியற மாதிரி! என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். மறுபடி கத்திச் சொன்னாரு. என் நீவெஸை மலடின்னு சொல்ல இவரு யாருன்னு... தள்ளினேன். ஒரே ஒரு தள்ளு. எழுந்திருச்சிருவாருன்னுதான் நினைச்சேன். முழங்கால் தண்ணிதானே! ரத்தத்தைப் பார்த்ததும் ஓடிட்டேன். திரும்பி வந்தப்ப அசைவே இல்ல. அப்பதான் அவரு கூடையில இருந்த நண்டை எடுத்தேன்."

நீவெஸ் மேசைமேல் இருந்த நண்டுகளைத் துணியால் மூடினாள். அப்புறம் அவன் பக்கம் திரும்பினாள்.

"பெட்டியில நல்ல நண்டை எல்லாம் என்ன செய்வாங்க தூல்லியோ?"

"எடுத்து... விப்பாங்க."

"எங்கே போகும்?"

அவன் கீழே வைத்த காப்பிக் கோப்பையைப் பார்த்தான்.

"எண்ணெய்ச் சட்டிக்குப் போகும். உயிரோட. மாத்தோ மட்டும்தான் தண்ணிக்குத் திரும்பிப் போகும். அது மட்டும்தான் பொழைக்கும். சின்ன வயசுல காய்ச்சல் வந்து நான் பொழைச்சப்ப அப்பா எனக்கு வெச்ச பேரு அது. 'நீ என் மாத்தா. உன்னை யாரும் சட்டியில போட முடியாது'ம்பாரு. தண்ணியில விட்டுடுன்னா தூக்கி எறின்னு அர்த்தமில்ல. அவளைப் படுத்தாதே, அவளை அவ போக்குல விடுன்னு அர்த்தம். உன்கிட்ட கெஞ்சியிருக்காரு."

ஆறு வருடம் இந்தத் தீவில் இருந்தும், அந்த வார்த்தையை அவன் எறிகிறவன் பக்கத்திலிருந்தே கேட்டிருந்தான். தண்ணீருக்குள் போகும் நண்டின் பக்கத்திலிருந்து அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். யோலாண்டா இருபது வருட வேலையில் எத்தனையோ பேரைக் கைது செய்திருக்கிறாள். இத்தனை பாரத்தோடு யாருக்கும் விலங்கு மாட்டியதில்லை.

காலை 11.00.

மாஜிஸ்திரேட் வந்த படகிலேயே தூல்லியோவை ஏற்றினார்கள். நேற்றுவரை அவன் கயிறு போட்ட அதே துறை. கூட்டம் சத்தமில்லாமல் நின்றது. ஏறும்போது அவன் திரும்பினான்.

"நீவெஸ், ஆறு மணிக்கு ஊசி. ஃபிரிட்ஜ்ல மேல் தட்டு. உனக்கே குத்திக்க வராது. யாரையாவது கூப்பிட்டுக்கோ."

அவள் அவனை வெறுக்க முயன்றாள். முடியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மாலை 6.00.

குடிசை மேடையில் இலாரியோ தனியாக உட்கார்ந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். யார் செத்தாலும் நண்டு ஓடு கழற்றாமல் இருக்காது. யோலாண்டா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீவெஸ் வந்து, அப்பா உட்காரும் பலகையில் உட்கார்ந்தாள். ஊசி ஃபிரிட்ஜிலேயே இருந்தது.

"இது நல்லது," என்று இலாரியோ ஒன்றைப் பெட்டியில் போட்டார். "இதுவும் நல்லது. இது மாத்தோ." நடுங்கும் கையால் எறிந்தார். நண்டு தண்ணீரில் விழுந்து, பக்கவாட்டில் ஓடி மறைந்தது.

"மாமா, ஒரு தடவை மாத்தான்னு சொல்லுங்க."

"பொண்ணு நண்டு பெட்டிக்கு வராதேம்மா."

"தெரியும். சும்மா சொல்லுங்க."

கிழவர் புரிந்துகொண்டார். கையில் இருந்த நண்டைக் கீழே வைத்துவிட்டு, காயலைப் பார்த்து, ஒரெஸ்தேயின் குரலில் சொல்லிப் பார்த்தார். நீவெஸ் எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு அழுதாள். இருட்டும்வரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை.